எம்பக்கே மேள மண்டபம்: வாசிப்பவர் நிற்கும் இடத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

கண்டிக்குப் பக்கத்திலுள்ள எம்பக்கே தேவாலயத்துக்குப் போகிற யாரும் முதலில் கைபேசியை எடுத்து, மேள மண்டபத்தின் செதுக்கிய மரத்தூணுக்கு நேரே பிடிப்பார்கள். முதல் இரண்டு தடவை நானும் அதைத்தான் செய்தேன். மூன்றாவது தடவை மாமாவைக் கூட்டிக்கொண்டு போனேன். கம்பளைக்கு மேலே ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயிலில் முப்பது வருடத்துக்கு மேலாகத் தவில் வாசிப்பவர் அவர். தூண் பக்கம் திரும்பவே இல்லை. மண்டபத்தின் நடுவில் போய் நின்றார், அண்ணாந்து கூரையைப் பார்த்தார், இரண்டு தரம் கையைத் தட்டினார். அப்புறம் என்னைக் கேட்டார்: "தூணெல்லாம் கெடக்கட்டும் மாப்ள. மேளக்காரன் எங்க நிப்பான்?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இந்த மண்டபத்தைப் பற்றி வாசித்ததெல்லாம் செதுக்கு வேலையைப் பற்றித்தான். மொத்தம் 514 சிற்ப வேலைகள், அதில் கொடிப்பின்னல் 256, தாமரை 64 என்று வழிகாட்டிகள் ஒப்பிப்பார்கள். ஆனால் இந்தக் கட்டடத்தின் பெயரே ஹேவிசி மண்டபம். ஹேவிசி என்றால் தவுல் என்ற சிங்கள மேளம் (நம் தவில் வேறு), தம்மட்டம் என்ற இரட்டைச் சிறுமேளம், ஹொரணை என்ற ஊதுகுழல் சேர்ந்த மேளக்கட்டு. மேளக்காரருக்காகக் கட்டிய ஒரு கூரையைப் பற்றிப் பேசும்போது மேளக்காரரையே விட்டுவிடுகிறோம். மாமாவின் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டடத்தைத் திரும்பப் பார்த்ததில் கிடைத்தவைதான் இங்கே இருப்பவை.

கம்பளைக் காலத்து மூன்று கோயில்கள்

கண்டியிலிருந்து கொழும்பு வீதியில் வந்து பிலிமத்தலாவையில் தெற்கே திரும்பினால் தவுலகலப் பக்கம் போகும் பாதை. வழியெல்லாம் பித்தளை விளக்குக் கடைகள். இந்த உடுநுவரப் பகுதியில் ஒன்றுக்கொன்று சில கிலோமீற்றர் தூரத்தில் மூன்று பழைய கோயில்கள் இருக்கின்றன: கடலாதெனிய, லங்காதிலக, எம்பக்கே. மூன்றும் கம்பளை இராச்சியத்தின் காலத்தவை. 1341இல் நாலாம் புவனேகபாகு கம்பளையைத் தலைநகராக்கினான். 1344இல் கடலாதெனியவும் லங்காதிலகவும் எழுந்தன. எம்பக்கே கொஞ்சம் பிந்தியது. 1357 முதல் 1374 வரை ஆண்ட மூன்றாம் விக்கிரமபாகு கட்டியது என்பது மரபு.

தமிழ் வாசகருக்கு இந்த மூன்றும் அந்நியமான இடங்கள் இல்லை. கடலாதெனியவின் தலைமைச் சிற்பி பெயர் கணேஸ்வராசாரி. கருங்கல்லில் விமானமும் தூண்களுமாகத் திராவிட முறையில் கட்டியிருக்கிறார், தென்னாட்டிலிருந்து ஒரு கோயிலைத் தூக்கி வந்து பாறைமேல் வைத்ததுபோல இருக்கும். லங்காதிலகவில் பாறையில் வெட்டிய சாசனம் சிங்களத்திலும் இருக்கிறது, தமிழிலும் இருக்கிறது. எம்பக்கேயில் குடியிருக்கும் தெய்வமோ கதிர்காமத் தெய்வம். சிங்கள மக்களுக்கு மகாசேனன், எங்களுக்கு முருகன். மாமா என்னோடு வரச் சம்மதித்ததே அதனால்தான். கட்டடக்கலை பார்க்கலாம் வாருங்கள் என்று கூப்பிட்டிருந்தால் வீட்டு வாசல்படியையும் தாண்டியிருக்க மாட்டார்.

ஒரு வித்தியாசம் உண்டு. கடலாதெனிய கல், லங்காதிலக பெரும்பாலும் செங்கல், எம்பக்கே மரம். ஒரே வட்டாரத்தில் ஒரே தலைமுறை மூன்று பொருளில் கட்டியிருக்கிறது. மூன்றிலும் மேளச் சத்தம் எப்படி நடந்துகொள்ளும் என்று யோசித்தால் எம்பக்கேயை மரத்தில் கட்டியதன் அருமை தெரியும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

கதையில் ஒரு மேளக்காரர்

தல புராணத்தை ஆய்வில் சேர்க்கலாமா என்று தயங்கினேன். ஆனால் இந்தக் கதையின் நாயகன் அரசன் இல்லை, ஒரு மேளக்காரர். அதனால் சேர்க்கிறேன்.

ரங்கம என்ற ஊரில் மேளம் அடிப்பவர் ஒருவர். உடம்பெல்லாம் தோல் வியாதி. கதிர்காமத்துக்குப் போய் நேர்ந்துகொண்டார், வியாதி தீர்ந்தது. அந்த நன்றிக்கு வருடா வருடம் கதிர்காமம் போய்த் தெய்வத்தின் முன்னால் மேளம் வாசித்து வந்தார். வயதானபோது அவ்வளவு தூரம் நடக்க முடியவில்லை. தெய்வம் கனவில் வந்து, இனி நீ வரவேண்டாம், உன் பக்கத்திலேயே நான் வருகிறேன் என்றது. கொஞ்ச நாளில் எம்பக்கேயில் ஒருவர் தோட்டத்தில் கதுறு மரமொன்றை வெட்ட, மரத்திலிருந்து இரத்தம் வடிந்தது. அந்த இடத்தில்தான் தேவாலயம் எழுந்தது.

வெட்டுப்பட்டு இரத்தம் வடியும் கதையைத் தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் எத்தனையோ கோயில்களுக்குச் சொல்வார்கள். இங்கே என்னை நிறுத்தியது வேறு விஷயம். தெய்வம் இடம் மாறியது ஒரு வாத்தியக்காரருக்குக் கால் முடியாமல் போனதால். வாசிப்பு நின்றுவிடக் கூடாது என்று தெய்வமே நடந்து வந்திருக்கிறது. அப்படியொரு கதை உள்ள இடத்தில் கருவறையைவிட மேள மண்டபம் பேர் வாங்கியதில் ஆச்சரியம் இல்லை.

அமைப்பு

தேவாலயத்தின் கிடையமைப்பு நமக்குத் தெரிந்ததுதான். வாசல் மண்டபம், அதைத் தாண்டி ஹேவிசி மண்டபம், பிறகு திக்கே, பிறகு திரை தொங்கும் கருவறை. எல்லாம் ஒரே நேர்கோட்டில். திக்கே என்பது நீண்ட மனை என்று பொருள்படும் சொல், ஆடல் நடக்கும் கூடம். நம் கோயில்களில் மகாமண்டபம், அர்த்தமண்டபம், கருவறை என்று இருட்டுக்குள் படிப்படியாகப் போவோமே, அதே நடைதான் இங்கேயும். ஹேவிசி மண்டபத்தையும் திக்கேயையும் ஆளுக்காள் மாற்றிச் சொல்வார்கள். புகழ்பெற்ற தூண்கள் நிற்கும் கூடத்தை ஆடல் கூடம் என்றே எழுதியவர்களும் உண்டு. மேளமும் ஆட்டமும் பிரியாத ஊரில் அந்தக் குழப்பம் பெரிய குற்றமில்லை.

மண்டபத்துக்குச் சுவர் கிடையாது. உயர்த்திய கல் மேடை, இரு பக்கமும் தூண் வரிசை, நடுவே கருவறையை நோக்கிய நடை. பக்கங்களில் காற்றும் வெளிச்சமும் தடையில்லாமல் வரும். வாசலில் நிற்பவர் கண் நேரே நடையின் கடைசிவரை போகும். பக்கத்து வளவில் நிற்பவரும் உள்ளே நடப்பதைத் தூண்களுக்கிடையே பார்க்கலாம். உள், வெளி என்று கறாராகப் பிரிக்காத கட்டடம் இது. கண்டி நாட்டு அம்பலங்களும் இதே குணம் கொண்டவை. வழிப்போக்கர் இளைப்பாறும் திறந்த மண்டபத்துக்கு அங்கே அம்பலம என்றுதான் பெயர், நமக்கு விளக்கம் தேவைப்படாத சொல். எம்பக்கேக்குப் பக்கத்திலேயே பழைய அம்பலமொன்றின் கல்தூண்கள் கூரையில்லாமல் நிற்கின்றன. தேவாலயத்து மரத்தூண்களில் உள்ள உருவங்களின் சாயலை அங்கே கல்லில் பார்க்கலாம். பெரும்பாலானோர் அதைத் தாண்டி ஓட்டோவில் போய்விடுகிறார்கள்.

தூண்

சரி, தூணுக்கு வருவோம். பேசாமல் இருக்க முடியாது.

ஒவ்வொரு தூணும் அடியில் சதுரம், பிறகு எட்டுப்பட்டை, மறுபடி சதுரம், மறுபடி பட்டை என்று ஏறுகிறது. தமிழ்நாட்டுக் கோயில் மண்டபங்களில் கல்தச்சர்கள் சதுரம், கட்டு என்று சொல்லும் அதே முறை. மரத்தில் இது தச்சருக்கு இயல்பாக வரும். சதுர மரத்தின் நான்கு மூலையையும் வாய்ச்சியால் சீவினால் எட்டுப்பட்டை. சீவாமல் விட்ட இடம் சதுரம். அந்தச் சதுரத்தின் நாலு முகமும் செதுக்குவதற்குக் கிடைத்த பலகைகள். கல்லில் இருப்பது மரவேலையிலிருந்து வந்தது என்று பலர் எழுதுவார்கள். எம்பக்கேயில் அந்த வாதத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

உச்சியில் நாலு பக்கமும் கை நீட்டிய போதிகை. சிங்களத்தில் பேகட. நுனி கீழே வளைந்து தலைகீழ்த் தாமரையாகத் தொங்கும். விஜயநகர காலத்துக் கல் மண்டபங்களில் பூமுனைப் போதிகை பார்த்தவர்களுக்கு உடனே அடையாளம் தெரியும். இது அலங்காரம் மட்டும் என்று நினைக்கக் கூடாது. போதிகையின் கை நீளும் அளவுக்கு உத்தரத்துக்குத் தாங்கல் கிடைக்கிறது, தூணுக்கும் தூணுக்கும் இடையில் அந்தரத்தில் கிடக்கும் நீளம் குறைகிறது. கூரையில் இருப்பது பல அடுக்காகப் படியும் தட்டை ஓடு, அந்தப் பாரத்துக்கு இது தேவை.

உருவங்கள்: மல்லர் இருவர் கட்டிப் பிடித்து நிற்பது, ஆடும் பெண், பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய், குதிரைவீரன், யானையும் சிங்கமும் மோதுவது, கழுத்துப் பின்னிய அன்னங்கள், கொடியிலிருந்து முளைத்த பெண், ஓருடலில் இரண்டு தலை கொண்ட பறவை. கடைசியில் சொன்னது சங்கப் பாட்டில் காதலர்க்கு உவமையாக வருகிற இருதலைப்புள். இங்கே அதைச் செதுக்கியவர் மனதில் காதல் இருந்திருக்காது, வீரத்தின் அடையாளமாக இருந்திருக்கும். எனக்குப் பிடித்தது கயிற்றுப் பின்னல். தொடக்கமும் முடிவும் தெரியாமல் ஒரே கயிறு மேலும் கீழுமாகப் புகுந்து வெளிவரும். விரலால் தடவிக்கொண்டே போகலாம் என்று ஆசை வரும், தடவக் கூடாது. பல நூறு வருடம் தடவியவர்களின் வேலையை விளிம்புகளில் பார்க்கலாம்.

இவற்றில் பெரும்பாலானவை தெய்வ உருவம் இல்லை. முருகன் கோயில் மண்டபத்தில் மயிலையும் வேலையும் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். மல்லர், ஆடுபவர், போர்வீரர், தாய்: அரண்மனை வாசலிலும் ஊர்த் திருவிழாவிலும் காண்கிறவர்கள். இந்தத் தூண்கள் கம்பளையில் கைவிடப்பட்ட அரச சபை மண்டபத்திலிருந்து கொண்டுவரப்பட்டவை என்றொரு வாய்வழிச் செய்தி உண்டு. உருவங்களின் தன்மை அதற்குத் துணை நிற்கிறது. மரக்கட்டடத்தைக் கழற்றி வேறிடத்தில் பூட்டலாம் என்பதும் துணை நிற்கிறது. எதிர்ப்பக்கமும் உண்டு: கண்டி நாட்டில் கோயில் வேலைக்கும் அரண்மனை வேலைக்கும் தச்சர்கள் ஒரே ஆட்கள். ஒரே கை இரண்டிடத்திலும் ஒரே உருவத்தைச் செதுக்கும். உருவத்தை மட்டும் வைத்து இடப்பெயர்ச்சியை நிறுவ முடியாது என்பது என் கருத்து.

ஆசாரி யார்?

தூண்களைச் செய்தவர் பெயரைக் கேட்டால் தெல்மட மூலாசாரி என்பார்கள். சிலர் தேவேந்திர மூலாசாரி என்பார்கள். பிந்திய பெயரைக் கண்டிக்காரர்கள் நன்றாக அறிவார்கள். 1783இல் தொடங்கிய கண்டி மகுல் மடுவ என்னும் அரச சபை மண்டபத்தோடும், புத்தரின் பல் வைத்திருக்கும் தலதா மாளிகையின் எண்கோண மாடமான பத்திரிப்புவவோடும், கண்டி ஏரியோடும் சேர்த்துச் சொல்லப்படும் பெயர் அது. அப்படியானால் ஒரே ஆள் 14ஆம் நூற்றாண்டிலும் 18ஆம் நூற்றாண்டிலும் உளி பிடித்திருக்க வேண்டும்!

மூலாசாரி என்பதைப் பட்டமாக எடுத்தால் சிக்கல் பாதி தீர்கிறது. தலைமைத் தச்சர் என்று பொருள், நம் காதில் மூல ஆசாரி என்றே விழும். தொழில் தகப்பனிடமிருந்து மகனுக்கு வரும்போது பட்டமும் கூடவே வரும். இன்னொன்றும் உண்டு. மழை நாட்டில் மரக்கட்டடம் 600 வருடம் ஒரு கட்டையும் மாறாமல் நிற்காது. கறையான் அரித்ததை எடுப்பார்கள், பழையதைப் பார்த்துப் புதியதைச் செதுக்குவார்கள். பல தலைமுறை ஆசாரிமார் கை வைத்த கட்டடத்துக்கு ஒரேயொரு பெயரைத் தேடுவதே கோணலான தேடல். கண்டிக் கைவினைஞர்களைப் பற்றி 1908இல் நூல் வெளியிட்ட ஆனந்த குமாரசுவாமி கடைசிவரை வலியுறுத்தியதும் இதைத்தான்: இந்த வேலைகளில் தனி ஆளின் மேதைமையைவிடப் பரம்பரையின் கைதான் பேசுகிறது.

கூரையை இறுக்கும் ஆப்பு

மாமா அண்ணாந்து பார்த்த இடம் இது. கூரைக்கு அடிப்பலகை இல்லாததால் கைமரங்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். கண்டிக் கூரை இரண்டு சாய்வு கொண்டது. மேற்பகுதி செங்குத்தாக இறங்கி, பாதியில் முறிந்து, கீழ்ப்பகுதி தாழ்வாரம்வரை தளர்வாகப் படுக்கும். மழைநீர் மேலே வேகமாக ஓடும், கீழே தூணையும் மேடையையும் விட்டு விலகிப் போய் விழும்.

நீளமான கூரையின் பக்கங்களில் கைமரங்கள் சோடி சோடியாக மோட்டில் சாய்ந்து ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். சிக்கல் முகப்பில். அங்கே கூரை மூன்றாவது பக்கமாகவும் சரிகிறது. கைமரங்கள் விசிறிபோல ஒரு புள்ளியிலிருந்து விரிய வேண்டும், எதிரே சாய்வதற்குச் சோடி கிடையாது. ஓட்டின் பாரம் அவற்றைக் கீழேயும் வெளியேயும் தள்ளிக்கொண்டே இருக்கும். எம்பக்கேயில் அப்படி விரியும் 26 கைமரங்களின் தலைகளையும் ஒரே மர ஆப்பு கோத்துப் பிடித்திருக்கிறது. மதொல் குருப்பாவ என்பது அதன் பெயர். அதன் அடிமுனையையும் தாமரையாகச் செதுக்கி விட்டிருக்கிறார்கள். கேரளத்துக் கோயில் கூரைகளில் கைமரங்கள் வந்து சேரும் கூடம் என்ற கட்டையை இதற்கு உறவாகச் சொல்லலாம். ஆனால் இவ்வளவு கைமரங்களை ஒரு முனையில் முடிச்சுப் போட்ட துணிச்சலை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

என்னைக் கேட்டால் இந்தக் கட்டடத்தின் பெரிய சாதனை தூண்களில் இல்லை, இங்கேதான் இருக்கிறது. தூண் அழகு. இது மூளை. இந்த ஆப்பு இல்லையென்றால் முகப்பில் கூரையைத் தாங்க நடு நடையில் ஒரு தூண் நட்டிருக்க வேண்டும். நட்டிருந்தால் மேளக்கட்டு வரிசையாக நிற்க இடமிருக்காது, வாசலிலிருந்து கருவறைக்குப் பார்வையும் அடைபட்டிருக்கும். மாமா ரொம்ப நேரம் கழுத்தை வளைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தவிலுக்கு வார் இழுக்கிற மாதிரித்தான் மாப்ள. ஒரு எடத்துல தளந்தா எல்லாம் தளந்துரும்."

சத்தம்

மாமா தட்டிய கைத்தட்டலுக்கு வருகிறேன். தட்டிய சத்தம் அந்த நிமிடமே போய்விட்டது. பின்னால் வால் இல்லை. "தேங்கல பாத்தியா?" என்றார். எங்கள் தோட்டத்துக் கோயிலுக்கு வெளிநாட்டுக் காசில் கொங்கிரீட் மண்டபம் கட்டி, தரைக்கு மாபிள் பதித்து, சுவருக்கும் பாதிவரை டைல்ஸ் ஒட்டியதிலிருந்து அவருக்குத் தீராத மனக்குறை ஒன்று உண்டு. வேகமான சொற்கட்டுகளை வாசித்தால் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குழம்பிப் போகிறது. கொங்கிரீட், மாபிள், டைல்ஸ் மூன்றும் சத்தத்தை விழுங்காமல் திருப்பி அடிப்பவை. ஒரு அடி தேய்வதற்குள் அடுத்த நாலு அடி வந்துவிடும். கல்லால் அடைத்த கடலாதெனியவின் உட்புறத்துக்கும் இதே குணம்தான். மந்திரம் ஓத நல்லது, தவுலுக்கு ஆகாது.

எம்பக்கே மண்டபத்தில் பக்கங்கள் திறப்பு. போன சத்தம் திரும்புவதில்லை. மேலே கூரையில் ஓடு, ரீப்பை, கைமரம் என்று ஆயிரம் இடுக்குகள், கொஞ்சத்தைக் குடித்துவிடும், மிச்சத்தைச் சிதறடிக்கும். கல் மேடை மட்டும் கீழிருந்து சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கிறது. அதனால் அடி துலக்கமாகக் கேட்கிறது, வாசிப்பவருக்குத் தன் கை தனக்குக் கேட்கிறது, கூட வாசிப்பவர் கையும் கேட்கிறது. மேளக்கட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்?

செதுக்கு வேலையே ஒலிக்காகத்தான் என்று ஒரு வழிகாட்டி சொல்லக் கேட்டேன். அது மிகை. ஒலி நொடிக்கு 340 மீற்றர் போகும். நொடிக்கு 100 அதிர்வு உள்ள தவுலின் அடிச்சத்தத்துக்கு அலைநீளம் 3.4 மீற்றர். ஒரு சில அங்குல ஆழமுள்ள தாமரையை அந்த அலை கவனிக்கவே கவனிக்காது. நொடிக்கு 3000 அதிர்வு என்றால் அலைநீளம் 11 சென்ரிமீற்றர். ஹொரணையின் கூர்மையான மேற்சுரங்களை வேண்டுமானால் தூணின் பட்டைகள் கொஞ்சம் சிதறடிக்கலாம். ஆசாரி அன்னத்தைச் செதுக்கியது அன்னத்துக்காகத்தான். அதை விஞ்ஞானமாக்கினால்தான் மதிப்பு என்று ஏன் நினைக்கிறோமோ தெரியவில்லை.

உண்மையான விஞ்ஞானம் தாழ்வாரத்தில் இருக்கிறது, அதையும் மாமாதான் சொன்னார்: "மொதல்ல தோலு நனையக் கூடாது." மழை பிடித்தால் நாள் கணக்கில் விடாத ஊர் இது. ஈரம் ஏறிய தோல் தொய்ந்துவிடும், அடித்தால் சொத்தென்று விழும். எங்கள் தோட்டத்தில் தப்பு என்ற பறையை அடிப்பவர்கள் வைக்கோலும் காகிதமும் கொளுத்தித் தோலைக் காய்ச்சிக் காய்ச்சி அடிப்பது அதனால்தான். தூணைத் தாண்டி நன்றாக வெளியே நீண்டு தாழ்ந்த கூரை என்பது முதலில் தோலைக் காக்கிற குடை. கல் மேடை கீழிருந்து வரும் ஈரத்தைத் தடுக்கிறது. காற்றோட்டம் ஏறிய ஈரத்தைக் காய வைக்கிறது.

கூரையும் எல்லையும்

கட்டடத்தைக் கட்டினால் போதாது, வாசிக்க ஆள் வேண்டும். தேவாலயத்துக்கு நிலம் இருந்தது, நிலத்தைப் பங்கு போட்டுச் சேவைக்காரக் குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். மேளக் குடும்பத்துக்கு ஒரு பங்கு, முறை வரும் நாளில் வந்து வாசிக்க வேண்டும். சிங்களத்திலும் அந்தச் சொல் பங்குவ. 1870இல் பிரித்தானிய அரசு சேவைக் காணிச் சட்டம் கொண்டுவந்து, சேவைக்குப் பதிலாகப் பணம் கட்டிக் காணியை வைத்துக்கொள்ளலாம் என்று வழி செய்தது. அதன்பிறகும் பல குடும்பங்கள் வாசிப்பை விடவில்லை. தேவாலயங்களில் புதனும் சனியும் கெம்முர என்ற பூசை நாள், மேளம் கேட்கும். கண்டி தலதா மாளிகையில் தினமும் மூன்று வேளைப் பூசைக்கும் மேளம் உண்டு, அங்கேயும் கீழ்த்தளத்தில் ஹேவிசி மண்டபம் கருவறை மாளிகைக்கு எதிரே இருக்கிறது. அங்கே சுற்றுலாக்காரர் கூட்டத்துக்கு நடுவே வாசிக்கிறார்கள். எம்பக்கேயில் காக்கைக்கும் அணிலுக்கும் வாசிக்கும் நாட்களும் உண்டு.

இதில் சொல்லாமல் விடக் கூடாத ஒன்று. மேளம் அடிக்கும் பெரவா மக்கள் சிங்களச் சாதி அடுக்கில் கீழே வைக்கப்பட்டவர்கள். திரைக்குப் பின்னால் போகிறவர் கப்புறாளை என்ற பூசாரி. மேளக்காரரின் இடம் வெளி மண்டபம். இந்தத் தூண்களுக்கு நடுவில் நிற்கும்போது அது ஒரே சமயத்தில் மரியாதையாகவும் எல்லைக் கோடாகவும் தெரிகிறது. இவ்வளவு அழகான எல்லைக் கோட்டை வேறெங்கும் கட்டியிருக்க மாட்டார்கள்! நமக்கு மட்டும் இது புதிதா? பறை இல்லாமல் திருவிழா தொடங்காது, பறைக்காரர் நிற்கும் இடம் கோயில் வாசலுக்கு வெளியே. வித்தியாசம், இங்கே அந்த இடத்துக்கு ஒரு கூரை போட்டார்கள். அந்தக் கூரைக்கு நாட்டின் மிகச் சிறந்த தச்சனைக் கூப்பிட்டார்கள்.

எம்பக்கேக்கு மண்டபம் கொடுத்த அதே கம்பளை மண்ணில்தான், அரசர்கள் போய் நாலு நூற்றாண்டுக்குப் பிறகு, 1820களில் சிங்காபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் போட்டார். எங்கள் முன்னோர் அந்தக் கோப்பிக்காலத்தில்தான் தப்போடு மலையேறினார்கள். தோட்டத்தில் தப்புக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் விடியுமுன் ஆட்களை எழுப்பிப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கூடும் இடத்துக்கு, அழைக்கும் பெரட்டுத் தப்பு. மாசியில் காமன் கூத்து, அப்புறம் அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர், எல்லாம் லயத்து முற்றத்திலும் பெரட்டுக் களத்திலும். மழை வந்தால் படங்கு கட்டுவார்கள். ஆங்கிலத்து லைன் எங்கள் வாயில் லயமாகிவிட்டது. லயத்தில் பிறந்து லயத்தை வாசித்தவர்களுக்கு ஒரு மண்டபம் கட்ட வேண்டும் என்று எந்தத் துரைக்கும் தோன்றவில்லை. பிறகு வந்த எங்கள் ஆட்களுக்கும் தோன்றவில்லை. கட்டினோம், கொங்கிரீட்டில் கட்டினோம், மேளக்காரரைக் கேட்காமல் கட்டினோம்.

நின்ற இடம்

மாமாவின் கேள்விக்கு விடை அன்று சாயந்தரம்தான் கிடைத்தது. மேளக்காரர்கள் மூன்று பேர் வந்தார்கள். கருவறையைப் பார்த்து, நடுநடையில், முகப்பின் ஆப்புக்குச் சற்று உள்ளே வந்து நின்றார்கள். தலைக்கு நேர்மேலே கைமரங்கள் விரியும் இடம். யாரும் கோடு போட்டுக் காட்டவில்லை, கால் தானாகப் போய் நின்றது. அங்கே நின்றால் முன்னால் கருவறையும் பின்னால் வாசலும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன. இரு பக்கமும் தூண் இடைவெளி ஒரே அளவாகத் திறந்திருக்கிறது. வாசலுக்கு வெளியே போய்ப் பாதையில் நின்று பார்த்தேன், தம்மட்டத்தின் சிறிய அடிகூடத் தனித்தனியாகக் காதில் விழுந்தது.

முடிந்ததும் மாமா தவுல்காரரிடம் போனார். இவருக்குச் சிங்களம் கடைப்பேச்சு அளவுக்கு, அவருக்குத் தமிழ் அதைவிடக் கொஞ்சம் குறைவு. "மாத்தயா, ஒருக்கா பாக்கலாமா?" என்று கையை நீட்டினார். அவர் தவுலைக் கழற்றி மாமா கழுத்தில் மாட்டிவிட்டார். மாமா பழக்கத்தில் குச்சியை இடது கையில் பிடிக்க, அவர் சிரித்துக்கொண்டே எடுத்து வலது கைக்கு மாற்றினார். மாமா நாலு அடி அடித்துப் பார்த்தார், சரிவரவில்லை. மறுபடி இடது கைக்கு மாற்றிக்கொண்டு தவிலில் வாசிக்கிற மாதிரியே ஒரு சின்னச் சொற்கட்டு வாசித்தார். தவுல்காரர் தலையை ஆட்டிக்கொண்டே தம்மட்டக்காரரைப் பார்த்தார், அவர் குச்சிகளை எடுத்தார்.

வெளியே தூறல் விழத் தொடங்கியிருந்தது. கடைசி பஸ்ஸை விட்டுவிட்டோம்.